இலாகா இல்லாதவர்

சுர்கேத் பள்ளத்தாக்கில் மூட்டம் விலகுமுன்னே
வந்துவிட்டது பட்டியல்.
மூன்று வாரத்தில் இது நான்காவது.
முந்தைய மூன்றையும் கிழித்துத்தான்
நேற்று அடுப்பு மூட்டினேன்.

மாகாணச் செயலகத்தில்
அமைச்சர்களுக்கு அறை ஒதுக்குபவள் நான்,
ஜௌகலா ரோகாயா.
எந்தக் கட்சிக்கு எத்தனை தலை என்று
நாளிதழ் படிக்கிற எல்லோருக்கும் தெரியும்.
எத்தனை அறையில் கழிவறை உண்டு என்பது
எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஐந்து.
அமைச்சர்கள் எட்டுப் பேர்.

பதினோரு பேர் கட்சி நிதியைக் கேட்டது.
ஒன்பது பேர் கட்சியும் நிதியைத்தான் கேட்டது.
வரவு ஒருவருக்கு, செலவு ஒருவருக்கு என்று
பிரித்தால் என்ன என்று
நடுராத்திரி தொலைபேசியில் யோசனை கேட்டார் ஒருவர்.
தேநீர் கொண்டுவந்த பையன் சிரித்துவிட்டான்.
நான் சிரிக்கவில்லை. போன வருஷம்
காட்டையும் சுற்றுச்சூழலையும் பிரித்தபோது
சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டவள்.
அன்றிலிருந்து மரம் மேல்மாடியில்,
அதன் நிழல் கீழ்த்தளத்தில்.

டோல்பாவிலிருந்து ஒற்றை ஆள் கட்சி:
லுந்துப் பைஜி.
அவர் கை தூக்காவிட்டால் ஆட்சி இல்லை.
தூக்கிய கையில் கொடுக்க இலாகா இல்லை.
எழுதுபொருள் கிடங்கைக் காலி செய்து
மேசை ஒன்று போட்டுக் கொடுத்தேன்.
பெயர்ப்பலகையில் பெயருக்குக் கீழே
வெறும் மரம்.
அந்த இடத்தை மட்டும் அவரே துடைப்பார்,
கைக்குட்டையால், தினமும்.

சாவன் மாதத்து இரவொன்றில்
ஜாஜர்கோட் சாலையில் மலை இறங்கிவிட்டது.

சாலை ஒருவருடையது.
மண் வனத்துறை எல்லைக்குள்ளிருந்து வந்ததால்
இன்னொருவருடையது.
மண்ணுக்கடியில் பேருந்து:
போக்குவரத்து இன்னும் பேரத்தில் இருந்தது.
ஒவ்வொரு தொலைபேசியும்
அடுத்த எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துக்கொண்டது.
கிடங்கில் மட்டும் விளக்கு.
“எனக்குத்தான் எல்லையே இல்லையே” என்றார் பைஜி
காலணியை மாட்டிக்கொண்டே.

அவருக்கு வண்டி ஒதுக்கவில்லை.
என் ஜீப்பில் போனோம்.
தகரத் துண்டால் மண்ணை அள்ளினார், பிறகு கையால்.
பொய்யில்லை, பக்கத்தில் நின்று பார்த்தேன்.
பதினான்கு பேரை வெளியே எடுத்தார்கள்.
ஒன்பது பேருக்கு மூச்சு இருந்தது.
தலையெல்லாம் சேறாக ஒரு பெண்
அவரைக் கேட்டாள்:
“நீங்கள் எதற்கு மந்திரி?”
வாயைத் திறந்தார்.
என்னைத் திரும்பிப் பார்த்தார்.
பட்டியல் என்னிடம்தானே இருக்கிறது.

இங்கேயே நிறுத்தினால் நன்றாக இருக்கும்.
ஆனால் அடுத்த நாளும் நான் வேலைக்குப் போனேன்.

பதினெட்டாவது நாள் அதே கை
எதிர்வரிசையோடு சேர்ந்து உயர்ந்தது.
நகக்கண்ணில் மண் போயிருந்ததா என்று
என் இருக்கையிலிருந்து தெரியவில்லை.
புதிய கூட்டணி, ஐந்தாவது பட்டியல்.
சாலைகள்: மாண்புமிகு லுந்துப் பைஜி.
கழிவறை உள்ள அறை வேண்டும் என்றார்,
உரிமையோடு. கொடுத்தேன்.
பலகையைக் கழற்றினால்
பின்பக்கம் வேறொரு மாண்புமிகு,
எந்த ஆட்சியோ, பாதி உரிந்துபோய்.
ஆணி ஓட்டைகள் மட்டும் சரியாகப் பொருந்தின.

நேற்று மறுபடி மழை.
ஒரு மணிக்குத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.
நல்ல அறைகளில் எல்லாம் இருட்டு.
கிடங்கில் விளக்கு எரிகிறது.
முகுவிலிருந்து வந்த புது ஆள்,
இன்னும் பெயர் எழுதவில்லை,
மேசைக்கடியில் குனிந்து
இன்னொரு காலணியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.
நான் ஜீப் சாவியை எடுத்துக்கொள்கிறேன்.